சுவர்க்கட்டில் பொருத்துமுன் சுவரைப் பாருங்கள்

பகலில் சுவரோடு நிமிர்த்தி வைத்து இரவில் இறக்கிப் படுக்கும் கட்டிலை, திருகோணமலைக் கரையோரத்து உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கங்களில் இப்போது பலரும் கேட்கிறார்கள். பிள்ளை படிக்கும் அறையே விருந்தினர் தங்கும் அறையாகவும் இருக்கும் வீடுகளில் அது பேருதவி. ஆனால் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிமார் பொருத்திய இடங்களைப் பார்க்கும்போது, நாங்கள் பழகிய காலத்துப் பிழைகளே திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறேன். அளவெடுப்பதில் வரும் சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை அளவுநாடாவே காட்டிக் கொடுத்துவிடும்.

புளொக் கல்லில் றோல் பிளக்கை நம்புதல்

என்னை இன்னமும் எரிச்சலூட்டுவது, திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் அடிக்கும் இந்தச் சிறு பிளாஸ்டிக் குழலை நம்பும் பிழைதான். எங்கள் ஊரில் அண்மைக் காலத்தில் எழுந்த வீடுகளில் பல, உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துப் புளொக் கல்லால் கட்டப்பட்டவை. அதில் பூச்சுக்குப் பின்னால் மெல்லிய ஓடும் அதற்குப் பின்னால் வெறும் காற்றுமே இருக்கும் இடங்கள் அதிகம். துளையிடும்போது ட்ரில் திடீரென்று உள்ளே விழுந்தால், அந்த இடம் பாரம் ஏற்க உகந்ததல்ல என்பதைச் சுவரே சொல்லிவிட்டது. அதன் பிறகும் பிளக்கை அடித்துத் திருகாணியை முறுக்குபவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

"இவ்வளவு பாரமான கண்ணாடியைத் தாங்கிற சுவர் இதைத் தாங்காதா?" என்று கேட்பார்கள். கண்ணாடி ஆணியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. கட்டிலோ அதை வெளியே இழுக்கிறது. பலகையும் மெத்தையுமாக 40 கிலோ எடையுள்ள கட்டில், கால் நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன் கிடையாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். எடையின் மையம், கட்டிலைத் தாங்கிச் சுவரோடு பொருத்தப்படும் மரக்கூட்டின் முன்விளிம்புக்கு இரண்டரை அடி வெளியே இருந்தால், ஏழடி உயரத்தில் உள்ள மேல் ஆணிகள் ஏறத்தாழ 14 கிலோ அளவுக்கு வெளியே இழுபடும். அந்த நேரத்தில் 30 கிலோ எடையுள்ள பிள்ளை நுனியில் தொங்கினால் மேலும் 20 கிலோவுக்கு மேல் சேரும். கூட்டின் சொந்த எடை இதில் ஒரு பங்கைக் குறைக்கும் என்பது உண்மைதான். தொகையும் பெரிதல்ல, ஆனால் அந்த இழுவை காலையும் இரவும் ஒரே திசையில், ஆண்டுக்கணக்காக நடக்கிறது.

அலஸ்தோட்டத்தில் வேறொருவர் பொருத்திய கட்டில் ஒன்றைப் பார்க்க அழைத்திருந்தார்கள். கூட்டின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுழைந்தது. திருகாணியைப் பற்றி இழுத்ததும் பிளக்கோடு கையில் வந்துவிட்டது. பிளக்கின் வெளிப்பக்கத்தில் மட்டும் பூச்சுத்தூள் வளையமாக ஒட்டியிருக்க, மீதிப்பகுதி கடையில் வாங்கியபடியே கீறலின்றி இருந்தது. "தம்பி, பிள்ளை இதிலதான் படுக்கிறவள்" என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். கூட்டைக் கழற்றி, சுவரைத் திருத்தி, மறுபடி பூசி, நிறமடித்துப் பொருத்த அந்தக் குடும்பம் இரண்டாம் முறை செலவழிக்க வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. கதவு, சன்னல்களுக்கு மேலே போகும் கொங்கிறீற்று லிண்டல் பல வீடுகளில் ஏழடி உயரத்தை ஒட்டியே வரும்; கூட்டின் மேற்சட்டம் பெரும்பாலும் அதே உயரத்தில்தான் முடியும். லிண்டல் அந்தச் சுவர் முழுவதும் ஓடுகிறதா என்று சிறு துளையிட்டுப் பார்த்து, ஓடினால், இறுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் விரிபோல்ட்டை அதில் இறக்குங்கள். ஓடாவிட்டால், மறுபக்கம் உங்கள் வீட்டு அறையாக இருக்கும் பட்சத்தில், சுவரை ஊடுருவும் போல்ட்டைப் போட்டு அங்கே தகட்டுப்பட்டை வைத்து இறுக்குங்கள். இரண்டுக்கும் வழியில்லாத சுவரில் நான் கட்டில் பொருத்துவதில்லை. கட்டிலுக்கு ஓடர் கொடுத்த பிறகல்ல, அதற்கு முன்னரே இந்தச் சோதனை நடக்க வேண்டும்.

மெத்தையை மாற்றிவிட்டு பிஸ்டனை மறத்தல்

கட்டிலை ஏற்றி இறக்கும்போது அதன் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், வாயு அடைத்த காஸ் பிஸ்டனின் விசை, பலகையும் மெத்தையும் சேர்ந்த எடைக்கு ஏற்பத் தெரிவுசெய்யப்படுவது. ஸ்பொன்ஜ் மெத்தைக்குக் கணக்கிட்ட கட்டிலில் பாரமான தும்பு மெத்தையைப் போட்டால், இறக்கும்போது அது கைக்கு அடங்காமல் விழும். மெத்தையே இல்லாமல் சோதிப்பது இன்னும் ஆபத்தானது. கொளுக்கியை விட்டதும் பலகை மேலே சீறிப் பாய்ந்து முகவாயைப் பதம் பார்க்கும்.

கடற்காற்றைக் கணக்கில் எடுக்காமை

கட்டில் நிமிர்ந்திருக்கும் பகல் முழுவதும் பிஸ்டனின் தண்டு வெளியே நீண்டு, உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். அதில் துருப்புள்ளி விழுந்தால், ஒவ்வொரு அசைவிலும் அது வாயுவை அடைத்து வைத்திருக்கும் உள் வளையத்தை (seal) அராவி, வாயு கசியத் தொடங்கும். கரையோர வீடுகளில் பிணைச்சலுக்கும் போல்ட்டுக்கும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட, மொலிப்டினம் கலந்த 316 தரமே உப்பை நன்றாகத் தாங்கும். விலை கூடத்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தண்டை மாதம் ஒருமுறை, லேசாக எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

மழைச் சுவர்

வடகீழ்ப் பருவமழை நேரே அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். மடித்த மெத்தை அங்கே பூஞ்சணம் பிடிக்கும்.

பிளக் பொயின்ற்

மின்சாரம் எடுக்கும் பிளக் பொயின்ற் கூட்டுக்குப் பின்னால் மறையுமானால், முதலில் அதை இடம் மாற்றுங்கள்.

நுளம்பு வலை

இந்தக் கட்டிலில் வலை கட்டத் தூண் இல்லை. ஆகவே கூரையில் கொளுக்கி வையுங்கள். ஆனால் இறங்கும் பலகையின் பாதையிலும் மின்விசிறியின் சுற்றிலும் வலை அகப்படாதவாறு, கட்டிலைக் கையால் மெதுவாக இறக்கிப் பார்த்த பின்பே அந்த இடத்தைக் குறியுங்கள்.