சேமித்த வெங்காயத்தில் பக்டீரியா அழுகல்: இனங்காணலும் தடுத்தலும்

கொழும்பின் புறக்கோட்டையில் மூட்டையாகப் பெரிய வெங்காயம் எடுத்து, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ சில்லறைக்கு விற்பவர்களும் சாப்பாட்டுக்கடை நடத்துபவர்களும் முதலில் பழக வேண்டியது, கழுத்தை அழுத்திப் பார்ப்பதாகும். பக்டீரியா அழுகல் பெரும்பாலும் உள்ளிருந்தே பரவுவதால், மேல்தோல் காய்ந்து பளபளப்பாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவுசெய்ய முடியாது. தாள் காய்ந்து உதிர்ந்த இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தும்போது இறுக்கமாக இருந்தால் எடுக்கலாம். மெத்தென்று அமுங்கினாலோ ஈரம் கசிந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவதே இலாபம். மூட்டையின் வாயில் இருப்பவற்றை மட்டும் பார்க்காமல், நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சிலவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சந்தேகமானதை நெடுக்காக வெட்டினால் நோய் எதுவென்று ஓரளவு தெரிந்துவிடும். பெக்டோபக்டீரியம் என்னும் பக்டீரியா உண்டாக்கும் மென்னழுகலில், உட்செதில்கள் எனப்படும் உள்ளடுக்குகள் நீர் கோத்துக் கூழாகி, கழுத்தை அழுத்தியதும் கெட்ட நாற்றத்துடன் பிசுபிசுத்த நீர் வெளியேறும். 1950இல் அமெரிக்கத் தாவர நோயியலாளர் வால்டர் பர்க்ஹோல்டர் விவரித்த புளிப்புத்தோல் நோயில் நாற்றம் வினாகிரியைப் போலப் புளித்திருக்கும்; ஒன்றிரண்டு செதில்கள் மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாகிக் குழைய, அவற்றுக்கு உள்ளும் வெளியும் உள்ளவை இறுக்கமாகவே இருப்பதால் ஏமாறுவது எளிது. வழுக்குத்தோல் நோயிலோ, அடிப்பக்கத்தை அழுத்தினால் நடுப்பகுதி கழுத்து வழியாக வழுகி வெளியே வந்துவிடும். தோலில் மைத்தூள் போல ஒட்டியிருக்கும் கருமை பூஞ்சணத்தினால் வருவது. அதை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்தக் கிருமிகள் பெரும்பாலும் தோட்டத்திலேயே, காயாத கழுத்தின் வழியாகவோ காயங்களின் வழியாகவோ நுழைந்துவிடுகின்றன. உள்ளே சென்றபின் மருந்து எதுவும் பயன்படாது. அவை பெருகத் தேவையான சூட்டையும் ஈரத்தையும் கொடுக்காமல் இருப்பதே நம் கையில் உள்ளது. மென்னழுகல் 20 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலும், புளிப்புத்தோல் 30 பாகைக்கு மேலும் விரைந்து பரவும். கொழும்பின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அந்த எல்லைக்குள்ளேயே இருப்பதால், வெப்பத்தைக் குறைக்க வழியில்லாதவர் ஈரத்தையாவது குறைக்க வேண்டும்.

எனவே வந்த மூட்டையை அன்றே பிரித்து, மழையில் நனைந்ததாகத் தோன்றினால் நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டுத் தோல் சரசரக்கும் வரை உலர்த்த வேண்டும். கழுவுவதும், அழகுக்காகக் காய்ந்த தோலை உரிப்பதும், கழுத்தை ஒட்ட நறுக்குவதும் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும் செயல்கள். உலர்ந்ததை வலைப்பையிலோ துளையுள்ள பிளாஸ்ரிக் கூடையிலோ இட்டு, சீமெந்துத் தரையில் படாதபடி மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாம். பொலித்தீன் பை கூடவே கூடாது. கூடையைத் தூக்கிப் போடாமல் இறக்கி வைக்க வேண்டும், ஏனெனில் அடிபட்ட இடமும் ஒரு காயமே. மென்னழுகல் கிருமி உருளைக்கிழங்கையும் கரட்டையும் தாக்கும் என்பதால், அவற்றை வெங்காயத்தோடு ஒரே கூடையில் கலந்து வைப்பது பலரிடம் உள்ள தவறான வழக்கம்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை கூடையின் மேல் குனிந்து மோந்து பாருங்கள்; கண்ணை விட மூக்கு முந்திக்கொள்ளும். நாற்றம் வந்தால் எல்லாவற்றையும் கொட்டி, அழுகியதையும் அதன் நீர் பட்டதையும் பிரித்தெடுக்க வேண்டும். நீர் பட்டது இறுக்கமாக இருந்தால், துடைத்து அன்றைய சமையலுக்கே பயன்படுத்திவிடலாம். திரும்பக் கூடைக்குள் போகக் கூடாது. காலியான கூடையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் முற்றாகக் காய்ந்த பின்பே அடுத்த மூட்டையை அதில் கொட்ட வேண்டும்.