‘பினைன்’ என்றால் ‘ஒண்டும் இல்லை’ என்று அர்த்தமில்லை

பினைன் (benign) என்ற ஆங்கிலச் சொல் நம்மில் பலருக்கு முதலில் கண்ணில் படுவது, கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயொப்சி ரிப்போட்டில்தான். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வருமோ என்று வீடே கலங்கி நிற்கும் நேரத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும், "ஒண்டும் இல்லையாம்" என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறோம். பெரிய பிழை அங்கேதான்.

அந்த ரிப்போட்டில் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான்: இது புற்றுநோய் அல்ல, வேறு உறுப்புக்குப் பரவாது. வளராது என்றோ கரைச்சல் தராது என்றோ அது சொல்லவில்லை. வயதான ஆண்களுக்குப் புரொஸ்ரேட் சுரப்பி பெருப்பதற்கு வைத்தியர்கள் எழுதும் பெயரே பினைனில்தான் தொடங்கும். ஆனாலும் அது சிறுநீர்ப் பாதையை நெரித்து, சலம் முற்றாக அடைபட்டு, ரியூப் போடும் நிலைக்குக் கொண்டுவரலாம். மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமாவும் பெரும்பாலும் இந்த வகைதான். மண்டையோட்டுக்குள் விலக இடமில்லாததால் அது வளர வளர மூளையை அழுத்தி வலிப்பையும் பார்வைக் குறைவையும் தரக்கூடும். பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் அடினோமா பொலிப் என்ற சிறு வளர்ச்சி இன்றைக்குப் பினைன்; எடுக்காமல் விட்டால் அவற்றில் சில ஆண்டுக் கணக்கில் புற்றாக மாறும். தோலுக்கடியில் உருளும் கொழுப்புக் கட்டியையோ பெரும்பாலும் அப்படியே விடலாம்.

ஆகவே கிளினிக்கில், "எடுக்க வேணுமோ, விடலாமோ? அடுத்த ஸ்கான் எப்ப?" என்றும் கேட்டுவிட்டு எழும்புங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லும்போது ‘நல்ல கட்டி’ வேண்டாம், ‘புற்றுநோய் அல்லாத கட்டி’ என்று சொல்லுங்கள். மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் 1860களிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது. ஒரு ரிப்போட் வரியைத் தமிழில் சரியாகச் சொல்ல நம்மால் முடியும்.

ஆட்களைப் பற்றி எழுதும்போது வேறொரு பிழை வருகிறது. ‘சாது’ என்று நினைத்து, அதிர்ந்து பேசாத பெடியனை ‘பினைன் போய்’ (benign boy) என்று எழுதுகிறார்கள். அவனுக்கு ‘குவயட்’ அல்லது ‘ஜென்டில்’ போதும். பினைனின் லத்தீன் மூலத்துக்கு அன்பான, கருணையுள்ள என்று பொருள். அதனால் தீங்கு செய்யாமை மட்டும் போதாது, நல்லெண்ணமும் வேண்டும். பெரும்பாலும் கையில் கொஞ்சம் அதிகாரம் உள்ளவருக்கே அது பொருந்திவரும். பிந்தி வந்த பிள்ளையைக் கண்டிக்கக்கூடிய அதிபர், கண்டிக்காமல் புன்னகைத்து வகுப்புக்குள் விடுகிறார். அந்தப் புன்னகை பினைன். முட்டாத ஆடு ‘டொசைல்’, விஷமில்லாத சாரைப்பாம்பு ‘ஹாம்லெஸ்’. காலநிலைக்கும் இந்தச் சொல் வரும்: தை மாத யாழ்ப்பாணத்துக்குச் சரி, சித்திரை வெயிலுக்குச் சரிவராது.

உச்சரிப்பில், எழுத்தில் ‘ஜி’ இருப்பதைப் பார்த்து ‘பெனிக்ன்’ என்று வாசிக்க வேண்டாம். ‘சைன்’ என்பதில் ஒலிக்காத ஜி ‘சிக்னேச்சர்’ என்பதில் ஒலிக்கிறதல்லவா, அதே கணக்குத்தான். பினைனில் அது மௌனம், எதிர்ச்சொல்லான ‘மலிக்னன்ற்’ என்பதில் ஒலிக்கும். அழுத்தம் ‘னைன்’ மேல்.

யாரையும் புண்படுத்தாத ஒரு கேள்வியையோ பேச்சையோ சொல்ல, பினைனை விட ‘இனொக்கியுவஸ்’ (innocuous) எடுப்பானது. அதில் ‘என்’ இரண்டு, ‘சி’ ஒன்று. தடுப்பூசி ஏற்றுவதைக் குறிக்கும் ‘இனொக்கியுலேற்’ (inoculate) என்பதில் ‘என்’ ஒன்றுதான். இரண்டையும் மாறி எழுதுவோர் ஏராளம்.