மலைமேல் கடுக்காய்ச் சாறு எடுத்துச் சோதிக்கும் முறை

பழனி மலையின் கீழ்ச்சரிவுக் காடுகளில் பளியர் பழங்குடியினர் நெடுங்காலமாகச் சேகரித்து வரும் கடுக்காயில் நுண்ணுயிர்களைத் தடுக்கும் சேர்மங்கள் உள்ளன. கொடைக்கானல் போன்ற உயரமான ஊரில் அவற்றைப் பிரித்துச் சோதிக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது சித்த மருத்துவ விதி. ஆகவே கொட்டையை நீக்கிச் சதைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டத்தில் அது பூஞ்சை பிடிக்குமாதலால், 40 டிகிரி வெப்பத்தில் உலர்த்திய பிறகே பொடியாக்க வேண்டும்.

10 கிராம் பொடியை 100 மில்லி 70 சதவீத எத்தனாலில் இட்டு, அவ்வப்போது குலுக்கி 48 மணி நேரம் ஊறவைத்து, வடிதாளில் வடிகட்டுங்கள். சாற்றை 50 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் வற்றவைப்பது மிக முக்கியம். கடுக்காயின் டானின்களான (துவர்ப்புப் பொருள்களான) செபுலினிக், செபுலாஜிக் அமிலங்கள் நீரும் வெப்பமும் சேர்ந்தால் உடைந்து காலிக் அமிலத்தைத் தருவதால், அவசரப்பட்டுக் கொதிக்க வைத்தவர் கனியில் இருந்ததை அல்ல, தாம் உண்டாக்கியதையே அளக்க நேரிடும். காலிக் அமிலமும் வீரியமற்றதன்று; மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை எதிர்க்கும் பொருள்களாக அதையும் அதன் எத்தில் எஸ்டரையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் இக்கனியிலிருந்து பிரித்துக் காட்டினர். சாற்றில் ஒரு துளி ஃபெரிக் குளோரைடு விட்டால் தோன்றும் கருநீல நிறம் டானின் இருப்பதைக் காட்டும்.

மலையில் பலரும் தவறுவது பாக்டீரியாவை வளர்க்கும் சத்துப்பொருளான ஊடகத்தைக் கிருமிநீக்கம் செய்யும்போதுதான். நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில், சமவெளியில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் 121 டிகிரியைத் தரும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் வளியழுத்தம் குறைவாதலால், அதே 15 பவுண்டில் 117 டிகிரி அளவே கிட்டும். ஆட்டோகிளேவ் தாங்குமென்றால் 18 பவுண்டுக்குச் சற்று மேல் வைத்து 15 நிமிடமும், தாங்காதென்றால் 15 பவுண்டிலேயே 40 நிமிடமும் வையுங்கள்.

பழகுவதற்குத் தீங்கு குறைந்த பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா போதும். முல்லர் ஹின்டன் அகார் என்ற கூழ் ஊடகத் தட்டில் அதைப் பரப்பி, சாறு ஏற்றியது, எத்தனால் மட்டும் ஏற்றி உலர்த்தியது, ஆன்டிபயாட்டிக் ஏற்றியது என மூன்று 6 மில்லிமீட்டர் தாள் வட்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். அறைக்குளிரை நம்பாமல் இன்குபேட்டரில் 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வைத்தபின், வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வட்டத்தின் விட்டத்தை அளக்கலாம். டானின்கள் பெரிய மூலக்கூறுகளாதலால் அகாரில் மெதுவாகவே பரவும். வட்டம் சிறிதாயிருப்பதால் சாறு வலுவற்றது என்று முடிவு கட்டாமல், பாக்டீரியா இட்ட திரவ ஊடகக் குழாய்களில் சாற்றைப் படிப்படியாக நீர்க்கச் செய்தும் பாருங்கள். சாற்றின் நிறம், பாக்டீரியா வளர்ந்ததைக் காட்டும் கலங்கலை மறைக்குமாதலால், ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளியைப் புதிய தட்டில் தீற்றி, மறுநாள் வளர்ச்சி உள்ளதா என்று பார்த்த பிறகே அளவைக் குறிக்க வேண்டும்.