ஒரே கொல்லை, மூன்று தலைமுறை: மனசு நோகாமல் விவசாயத்தைக் கைமாற்றும் வழி

மழை பொய்த்த வருஷத்தை வீட்டில் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். மகன் கேட்காமல் தக்காளி நட்டதைப் பத்து வருஷம் பேசுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கொட்டாய்களில் (கொல்லையில், அதாவது வயலில், வீடு கட்டிக்கொண்ட குடியிருப்புகளில்) தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை சேர்ந்து வெள்ளாமை பார்க்கும் குடும்பங்களில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மூன்று கேள்விதான்: முடிவு யாருடையது, பணம் யார் கையில், நிலம் யார் பேரில். மூன்றும் வாய்ப்பேச்சாகவே கிடக்கும். அதை எழுத்துக்குக் கொண்டுவருவதுதான் இங்கே சொல்லப்போகும் வேலை.

நோட்டில் தொடங்குங்கள்

நீள சைஸ் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள். சாமி அலமாரியில் வைத்தால் வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பார்களே தவிர யாரும் பிரிக்கமாட்டார்கள்.

முதல் பக்கத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு வரி: சர்வே எண், பரப்பு, பயிர், முடிவெடுப்பவர் பெயர். உதாரணத்துக்கு ஆறு ஏக்கர் குடும்பம் ஒன்று. இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளியில் 80 மரம், முடிவு அப்பா. ஒன்றரை ஏக்கர் மல்பெரியும் பட்டுப்புழு வளர்க்கும் ஷெட்டும், முடிவு மருமகள். தக்காளி ஒரு ஏக்கர், மகன். ராகியும் ஊடே அவரையும் ஒரு ஏக்கர், தாத்தாவும் அப்பாவும். மீதி தீவனப்புல், களம், மாட்டுக்கொட்டகை, முடிவு அம்மா. ஒரு வரிக்கு இரண்டு பெயர் வரலாம், மூன்று கூடாது. மூன்று பேர் பொறுப்பு என்றால் நட்டம் வந்த அன்றைக்கு ஒருத்தர் பொறுப்பும் இல்லை.

அடுத்து செலவு வரம்பு. 5,000 ரூபாய் வரை அந்தந்தப் பொறுப்பாளரே செய்யலாம். அதற்கு மேல் 50,000 வரை இன்னொருவரிடம் கேட்க வேண்டும். அதையும் தாண்டினால், அல்லது கடன், போர் (ஆழ்துளைக் கிணறு), நிலம், டிராக்டர் என்று எது வந்தாலும், வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். பெண்களையும் சேர்த்துத்தான். தொகையை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரம்பு இருப்பதுதான் முக்கியம்.

வாரத்துக்கு ஒரு நாள் இந்த நோட்டைப் பிரித்து அரை மணி நேரம் உட்காருங்கள். சந்தை நாளும் மண்டிக்கு லோடு போகும் நாளும் வேண்டாம். சாப்பாட்டு நேரமும் வேண்டாம். சண்டை வந்தால் தட்டு அப்படியே நிற்கும். வரப்போகிற வாரத்தில் என்ன வேலை, எத்தனை ஆள், எவ்வளவு பணம் என்ற மூன்று மட்டும் பேச வேண்டும். போன வருஷக் கதை எடுத்தால் நோட்டை மூடிவிடலாம்.

வேலையைக் கொடுத்துப் பணத்தைப் பிடித்துக்கொள்வது

கைமாற்றுவதில் நடக்கும் பெரிய தப்பு இதுதான். ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிற தம்பிக்கு மாதம் முடிந்தால் சம்பளம் ஏறுகிறது. வீட்டுக் கொல்லையில் பொழுதெல்லாம் நிற்கிற அண்ணன் வண்டிக்குப் பெட்ரோல் போட அப்பாவிடம் நூறு ரூபாய் கேட்கிறான். முப்பது வயசில் பிள்ளையோடு நின்று இப்படிக் கேட்பவன் எத்தனை வருஷம் கொல்லையில் நிற்பான்? ஆகவே உழைக்கிற ஒவ்வொருவருக்கும், மருமகள் உட்பட, மாதம் ஒரு தொகை. குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, தேதி தவறக்கூடாது.

பொறுப்பை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல் மூன்று வருஷமாகப் பிரியுங்கள். முதல் வருஷம் ஐம்பது சென்ட் முதல் ஒரு ஏக்கர் வரை, விதையிலிருந்து விற்பனை வரை முழுக் கணக்கோடு மகனிடமோ மகளிடமோ விடுங்கள். பயிர் தக்காளி, பீன்ஸ் மாதிரி நாலு மாதத்துக்குள் முடிவு தெரிவதாக இருக்கட்டும். மாந்தோப்பில் பழகச் சொல்லக்கூடாது. பெரும்பாலான மா ரகங்கள் ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓய்வெடுக்கும். காய்ப்பு குறைந்தது மரத்தாலா, ஆளாலா என்று தெரியாமலேயே பழி மட்டும் விழும்.

இரண்டாம் வருஷம் விற்பனைப் பேச்சு. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி மண்டியில் விற்பனைச் சீட்டு யார் பேரில் விழுகிறதோ அவர்தான் விவசாயி. சீட்டை மகன் பேருக்கு மாற்றுங்கள். மண்டிக்காரரிடம் பழைய முன்பணம் நிலுவை இருந்தால் அதை முடித்துவிட்டு மாற்றுங்கள். அப்பா வாங்கிய பணத்துக்கு மகன் கொண்டுபோகும் பெட்டிகளின் விலையில் பிடித்தால் முதல் லோடிலேயே மனக்கசப்பு. மூன்றாம் வருஷம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராகி, பயிர்க்கடன் அவர் பேரில்.

அப்பாவுக்கு உள்ள நிபந்தனை கடினமானது: மகனிடம் விட்ட துண்டைப் பற்றி யோசனை ஒருமுறை சொல்லலாம், இரண்டாம் முறை கேட்டால்தான். பக்கத்துப் பாத்தியில் நின்று தொண்டையைக் கனைப்பதும் யோசனை சொல்வதில் சேர்த்திதான். விதிவிலக்கு உண்டு. மருந்து அளவு மீறிக் கலக்குகிறான், நோய் பக்கத்துக் கொல்லைக்கும் பரவப்போகிறது, போர் வண்டியைக் கூப்பிடப்போகிறான் என்றால் அப்பா தடுக்கலாம்.

பெரியவருக்கும் வேலை மிச்சம் இருக்க வேண்டும். மா வியாபாரி பூவில் தோப்பைக் குத்தகை பேச வரும்போது மரத்தைச் சுற்றிப் பார்த்து எத்தனை டன் தேறும் என்று சொல்லும் கண் நாற்பது வருஷத்தில் வந்தது. விதை ராகிக்குக் கதிர் பொறுக்குவதும் அப்படித்தான். அதை அவரிடமே விடுங்கள். ஒரு மாட்டுப் பால் பணமாவது நேராக அவர் கணக்குக்குப் போகட்டும்.

பணம் வரும் நாளும் போகும் நாளும்

பால் பணம் பத்து, பதினைந்து நாளுக்கொரு முறை. கூட்டுப் பணம், அதாவது பட்டுக்கூடு விற்ற பணம், ஒவ்வொரு பேட்ச் முடிவில். மாங்காய்ப் பணம் வருஷத்துக்கு ஒரே தடவை. பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஆலைக்குப் போகும் ஜூன், ஜூலையில் விலை பேசினாலும் பணம் கைக்கு வர நாளாகும். அதே ஜூனில்தான் பள்ளிக்கூடக் கட்டணம். இந்த ஒரு முட்டலில்தான் நிறைய வீடுகள் கந்துவட்டிக்குப் போகின்றன. கட்டணத்தை மாங்காயை நம்பி வைக்காமல் மார்ச், ஏப்ரல் கூட்டுப் பணத்திலேயே எடுத்து வையுங்கள். பால் பணம் வீட்டுச் செலவுக்கு, கூட்டுப் பணம் கூலிக்கும் கட்டணத்துக்கும், மாங்காய்ப் பணம் கடனை அடைக்க என்று பிரித்தால் போதும்.

கடனை எல்லோர் முன்னாலும் எழுதுங்கள். மூன்று வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று, என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000, வருஷத்துக்கு 36,000. கூட்டுறவுப் பயிர்க்கடனோ தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. ஆகவே அடைக்கும் வரிசையில் கந்து முதலில், நகைக்கடன் அடுத்து. பயிர்க்கடனைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டால் அதுவே லாபம். மறைத்து வைத்த கைமாத்து பிறகு தெரியவரும்போது, தொகையைவிட மறைத்ததுதான் பெரிதாகிறது.

போருக்குத் தனி விதி. நம் பக்கம் அடியில் கெட்டிப் பாறை; தண்ணீர் பாறை வெடிப்பில்தான். ஆழம் போகப்போகத் தண்ணீர் நிச்சயம் என்று கிடையாது. ஆனால் அடிக்கான ரேட் மட்டும் ஆழம் கூடக்கூட ஏறும். ராத்திரி பதினொரு மணிக்கு, புழுதி மட்டும் பறக்கிற போர்க்குழி பக்கத்தில் நின்று ‘இன்னும் நூறு அடி’ என்று முடிவெடுக்காதீர்கள். வண்டி வருவதற்கு முந்தின நாளே ஆழ வரம்பையும் மொத்தத் தொகையையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதல் குழி பொய்த்தால் அடுத்த குழிக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பேச்சு.

ஓய்வையும் பயிர் மாதிரி திட்டமிட வேண்டும்

மாடு காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் கறக்க வேண்டும். கறக்கத் தெரிந்தவர் ஒருவரே என்றால் அவர் அம்மா வீட்டுக்குக்கூடப் போகமுடியாது. வீட்டுக்கு வெளியே ஒருவரையாவது பழக்குங்கள். மாடு கை பழக மாதத்துக்கு நாலைந்து தடவையாவது அவர் கறக்க வேண்டும்.

பட்டுப்புழுவில் நெருக்கடி எப்போது வரும் என்பது முன்னாலேயே தெரியும். இளம்புழு வாங்கி வந்தால் ஏறக்குறைய 20 நாளில் கூடு. அதில் கூடு கட்டுவதற்கு முந்தின கடைசி வளர்ச்சிக் கட்டமான ஐந்தாம் பருவம் ஏழெட்டு நாள். மொத்த இலையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அந்த வாரத்தில்தான் தின்னும். ஷெட்டுக்குள் நின்றால் ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். சத்தம் ஓய்ந்தால் தழை போடப் போக வேண்டும். அந்த வாரத்தில் தக்காளி பறிப்பு, மாமன் வீட்டுக் கல்யாணம், பாகப்பிரிவினைப் பேச்சு எதுவும் வேண்டாம். முட்டைத் தொகுதிக்கு (ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகள்) பதிவு செய்யும்போதே காலண்டரில் அந்த எட்டு நாளைச் சிவப்பில் வளைத்துவிடுங்கள். நூறு முட்டைத் தொகுதிக்கு 60 முதல் 80 கிலோ கூடு நல்ல விளைச்சல். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இருநூறு எடுத்துத் தூங்காமல் நின்று, மூன்றாம் பேட்சில் சுத்தம் குறைந்து நோய் வந்து கொட்டுவதைவிட, நூறோடு நிற்பது மேல்.

ஒவ்வொருவருக்கும் பதினைந்து நாளுக்கு ஒரு முழு நாள் லீவு. மருமகளின் லீவை முதலில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் விடுபடுவது அதுதான்.

பட்டா, கிணறு, பங்கு

பதினெட்டு நாள் பாரதக் கூத்து விடிய விடியப் பார்க்கிற சீமை இது. துரியோதனன் விழும் படுகளத்தன்று அவனுக்கு அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, வரப்பில் ஒரு முழம் விடமாட்டோம் என்கிறோம்.

முதலில் காகிதங்களைச் சேருங்கள்: மூலப் பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, இறந்தவர்களின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தால் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, சிறு குறு விவசாயி சான்று எல்லாவற்றிலும் இடறும். அந்தச் சான்று இருந்தால்தான் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், இல்லையென்றால் 75. வருஷா வருஷம் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி (வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும்போது பெயர் மாற்ற மனு கொடுக்கலாம். மற்ற நாளில் இ-சேவை மையம்.

பங்கு என்றால் பெண் பிள்ளைகளும்தான். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 9.9.2005-லும் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தங்களால் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை. அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தாலும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை 2005 திருத்தம் தொடாது. ‘சீர் செய்தாச்சு’ என்ற பேச்சு சார்பதிவாளர் அலுவலகத்தில் செல்லாது. அக்காவோ தங்கையோ மனதார விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத பங்குக் காகிதமான கூர்ச்சீட்டில் கையெழுத்து வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்தால் அடுத்த தலைமுறைக்கு வழக்கைத்தான் வைக்கிறீர்கள்.

ஏக்கரைச் சமமாகப் பிரித்துவிட்டுக் கிணற்றை மறந்துவிடுவது அடுத்த தப்பு. பத்திரத்தில் இவை வேண்டும்: கிணறு, போர் எந்த சர்வே எண்ணில்; யாருக்கு எத்தனை பங்கு; பைப் லைன் யார் நிலத்தின் வழியே போகிறது; டிராக்டர் போகும் அகலத்தில் வண்டிப்பாதை; வரப்பு ஓரத்துப் புளி, மா மரங்கள் யாருடையவை; இலவச மின் இணைப்பு யார் பேரில், மற்றவர்கள் பயன்படுத்தும் உரிமை என்ன. புது இலவச இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால் இந்தக் கடைசி வரி தங்கம்.

முறைத் தண்ணீரை நாள் கணக்கில் மட்டும் பிரிக்காமல் பகல், இரவு என்றும் பிரியுங்கள். ஒரு வாரம் அண்ணன் பகலில் பாய்ச்சினால் அடுத்த வாரம் தம்பி பகல். ஒருவருக்கே எப்போதும் ராத்திரி முறை வந்தால் பாம்புக்கடி பயமும் தூக்கமின்மையும் அவர் வீட்டுக்கே. மோட்டார் காயில் கட்டும் செலவைப் பங்கு மணி நேரத்துக்கு ஏற்பப் போடுங்கள். மாதம் ஒரு சிறு தொகை முன்கூட்டியே சேர்ந்தால், மோட்டார் எரிந்த அன்றைக்கு யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

உயிரோடு இருக்கும்போதே பெற்றோர் நிலத்தை எழுதி வைப்பதானால், சாகும்வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஒரு பகுதியைத் தங்கள் பேரிலேயே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. இதைச் சொல்ல மகனே முன்வந்தால் வீட்டில் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

மனசு தளர்ந்தால்

விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு, மாட்டை அடிப்பது, சாப்பாடு இறங்காதது, மாரியம்மன் திருவிழாவுக்கும் போகாமல் கொட்டாயிலேயே கிடப்பது, குடி கூடுவது: இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அலுப்பு என்று விடாதீர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதோடு சேர்ந்தே ஏறும். வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு வரும் பணியாளரிடம் பெரியவர் மட்டுமில்லாமல் நடுவயசுக்காரரும் பார்த்துக்கொள்ளலாம். மனநலத்துக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

‘நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி’ என்ற மாதிரி பேச்சு வந்தால், சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது; பேச வாய் திறக்கும். அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து எப்போதுமே வீட்டிலும் ஷெட்டிலும் இல்லாமல் பூட்டிய பெட்டியில், தேவைக்கு மேல் வாங்காமல், சாவி இன்னொருவர் கையில் இருக்க வேண்டும். 14416 டெலி மானஸ் (மனநல உதவி) எண்ணும் தமிழக அரசின் 104-ம் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இரண்டு எண்ணையும் மோட்டார் ரூம் கதவில், லைன்மேன் நம்பருக்குக் கீழே, சாக்பீஸில் இல்லாமல் பெயிண்டில் எழுதுங்கள்.