நிறுவன சர்வர்களுக்கான இயங்குதளம்: தேர்வும் பராமரிப்பும்

புதிய சர்வர் வாங்கும்போது விண்டோஸா லினக்ஸா என்ற விவாதத்தில்தான் பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. ஆனால் அதற்கான விடையை அந்தச் சர்வரில் ஓடப்போகும் மென்பொருளே முன்கூட்டித் தீர்மானித்திருக்கும். பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி, கணக்கெழுத டேலி என்று இருந்தால் விண்டோஸ் சர்வர்தான் வழி. இணையதளம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், கன்டெய்னர்கள் (மென்பொருளைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி இயக்கும் பொதிகள்) என்றால் லினக்ஸே இயல்பான இடம். ஆகவே முதலில் மென்பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்புகளில் ஆதரிக்கப்படுகிறது என்பதை விற்பனையாளரிடமிருந்து எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள்.

உண்மையில் யோசிக்க வேண்டிய கேள்வி வேறு: பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த நாள்வரை வரும், அந்த வாக்குறுதி யாருடையது? ரெட் ஹாட் நிறுவன லினக்ஸின் இலவச மறுபதிப்பாக இருந்த சென்ட்ஓஎஸ் இதற்கு நல்ல சான்று. 2019இல் வெளியான சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று நம்பிப் பல நிறுவனங்கள் அதற்கு மாறின. 2020 டிசம்பரில் வந்த அறிவிப்போ அந்த ஆதரவை 2021 டிசம்பர் 31உடன் முடித்துவைத்தது. பழைய சென்ட்ஓஎஸ் 7இலேயே தங்கியிருந்தவர்களுக்கு 2024 ஜூன் 30 வரை திருத்தங்கள் கிடைத்தன. புதியதற்கு ஓடியவர்களே முதலில் தவித்தார்கள். அந்த இடத்தை நிரப்ப 2021இல் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன. இலவசம் என்பதில் தவறில்லை, ஆனால் பின்னால் இருப்பது ஒரு நிறுவனமா, அறக்கட்டளையா, தன்னார்வலர் குழுவா என்று பார்த்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்ஏபி, ஆரக்கிள் போன்ற பெரிய வணிக மென்பொருள்களுக்குச் சான்றளிக்கப்பட்ட தளம் தேவைப்பட்டால் ரெட் ஹாட் அல்லது சூசே லினக்ஸ் சந்தாவுக்குப் பணம் கொடுப்பதே மேல். மற்றவர்களுக்கு டெபியன் அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு போதும் என்பது என் கருத்து. உபுண்டுவின் அத்தகைய பதிப்பு இரண்டு ஆண்டுக்கொருமுறை ஏப்ரலில் வெளிவந்து, ஐந்து ஆண்டு வழக்கமான ஆதரவைப் பெறுகிறது.

விண்டோஸ் சர்வரில் ஆதரவு முடியும் தேதிகள் தெளிவாகவே இருக்கின்றன: 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12, 2019க்கு 2029 ஜனவரி 9, 2022க்கு 2031 அக்டோபர் 14. குழப்பம் உரிமக் கணக்கில்தான். பிராசஸர் கோர்களைக் கணக்கிட்டு, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமம் வாங்க வேண்டும். அதற்கு மேல் பயனருக்கோ சாதனத்துக்கோ தனி அணுகல் உரிமம் உண்டு. ஸ்டாண்டர்ட் உரிமம் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களுக்கு (ஒரே வன்பொருளுக்குள் தனிக் கணினிபோல ஓடுபவை) மட்டுமே இடம் தரும் என்பதால், ஒரே வன்பொருளில் பலவற்றை இயக்கத் திட்டமிட்டால் டேட்டாசென்டர் உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் வகைகளைக் குறைவாக வையுங்கள். இரண்டு இயங்குதளக் குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் இரண்டு பதிப்புகள். அதைத் தாண்டினால் சிறிய குழுவால் திருத்தங்களைச் சோதித்து முடிக்க இயலாது. ஒவ்வொரு சர்வருக்கும் பதிப்பு, ஆதரவு முடியும் நாள், ஓடும் மென்பொருள், பொறுப்பாளர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். சர்வர்களைக் கையால் அமைக்காமல் அமைப்பைக் கோப்பாக எழுதித் தானாகச் செயல்படுத்தும் அன்சிபிள் போன்ற கருவி வழியே அமைத்தால், அந்தக் கோப்புகளே நாளைய ஆவணமாகும்.

திருத்தங்களை முதலில் சோதனைக்கென ஒதுக்கிய சில சர்வர்களுக்கும், ஓரிரு நாள் கழித்து மற்றவற்றுக்கும் செலுத்துங்கள், மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீம்பொருள் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கான திருத்தம் பொதுவாக ரீபூட் செய்த பிறகே நடைமுறைக்கு வரும். ஆயிரம் நாளாக நிறுத்தப்படாத சர்வர் என்று சிலர் பெருமையாகக் காட்டுவது, பெரும்பாலும் ஆயிரம் நாள் பழைய கர்னலைத்தான்.

ஆக்டிவ் டைரக்டரி வைத்திருந்தால் அதை இயக்கிப் பயனர் நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் குறைந்தது இரண்டு இருக்கட்டும். அவற்றில் வேறு மென்பொருளை ஏற்றாதீர்கள். ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை இயல்பாக 5 நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை ஏற்காது என்பதால், டொமைனில் சேர்த்த லினக்ஸ் சர்வர்கள் உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே நேர மூலத்தை அமையுங்கள். லினக்ஸில் எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கின் நேரடி நுழைவை மூடி, கடவுச்சொல்லுக்குப் பதில் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைப்பதற்கு எந்தக் காரணமும் போதுமானதல்ல. விபிஎன் எனும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியே மட்டும் அனுமதியுங்கள்.

பதிப்பு மாற்றும் நேரம் வந்தால், இருக்கும் சர்வரின் மேலேயே ஏற்றுவதைவிடப் புதியதை அமைத்துத் தரவை நகர்த்துவது நல்லது. தவறு நேர்ந்தால் பழையது அப்படியே நிற்கும். மேலேயே ஏற்றத்தான் வேண்டும் என்றால் உபுண்டு 20.04இலிருந்து 24.04க்கு நேராகத் தாவ முடியாது, 22.04 வழியாகத்தான் போக வேண்டும். மாற்றத்துக்கு முன் பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதை வேறு இயந்திரத்தில் மீட்டெடுத்தும் பாருங்கள்.

மாற்றவே முடியாத பழைய மென்பொருள் ஒன்று எந்த நிறுவனத்திலும் இருக்கும். அந்தச் சர்வரைத் விஎல்ஏஎன் எனும் தனிப் பிணையப் பிரிவில் ஒதுக்கி, தேவையான போர்ட்களை (பிணைய வாயில்களை) மட்டும் திறந்து, இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2வின் பொது ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. கட்டணம் செலுத்திப் பெறும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13உடன் நிற்கிறது. அப்பதிப்பு உங்கள் பதிவேட்டில் இருந்தால், மாற்று மென்பொருளுக்கான செலவை அதற்குப் பொறுப்பான துறையின் பட்ஜெட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.