தரவுத்தளங்களைப் புதிய சேமிப்பக வலையமைப்புக்கு மாற்றுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய ஸ்டோரேஜ் பெட்டியின் பராமரிப்பு ஒப்பந்தம் முடியப்போகிறது. புதிய பெட்டி வந்து ரேக்கில் ஏறிவிட்டது. "அடுத்த ஞாயிறு இரவே மாற்றிவிடலாமா?" என்று மேலாளர் கேட்கிறார். பெரும்பாலான நிறுவனங்களில் இந்த வேலை இப்படித்தான் தொடங்குகிறது. மாற்றிவிடலாம்தான், ஆனால் எந்த ஞாயிறு என்பதை நீங்கள் இப்போதே சொல்ல வேண்டாம். தரவை நகலெடுப்பது இந்த வேலையிலேயே மிகச் சுலபமான பகுதி. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவைதான் நேரத்தை எடுக்கும்.

இந்த விளக்கத்தில் லினக்ஸ் சர்வர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், வட்டுகளை வால்யூம் குழுவாகச் சேர்த்து லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரித்துத் தரும் எல்விஎம், சர்வரையும் சேமிப்பகத்தையும் இணைக்கும் ஃபைபர் சேனல் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், கட்டளைகள்தான் மாறும்.

சேமிப்பக வலையமைப்பை எல்லோரும் சான் என்றே அழைக்கிறோம். வட்டுகள் சர்வருக்குள் இல்லாமல் தனிப் பெட்டியில் இருக்கும். சுவிட்ச் வழியாக சர்வர் அவற்றை அடையும். பெட்டி வெட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் லன் என்று பெயர். சர்வருக்கு அது தன்னுள்ளேயே இருக்கும் வட்டாகத் தெரியும்.

படி 1: என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு அட்டவணை போடுங்கள். எந்தத் தரவுத்தளம், எந்தக் கோப்பகத்தில், எந்த லாஜிக்கல் வால்யூமில், எந்த லன்னில் இருக்கிறது என்பது அதில் வர வேண்டும். போஸ்ட்கிரெஸில் டேபிள்ஸ்பேஸ்கள், அதாவது அட்டவணைகளை வைக்கும் தனி இடங்கள், தரவுக் கோப்பகத்துக்கு வெளியே இருக்கலாம், உள்ளே அவற்றைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் மட்டும் இருக்கும். வால் எனப்படும் பரிவர்த்தனைப் பதிவுகளை யாரோ எப்போதோ தனி லன்னுக்கு மாற்றியிருக்கலாம். இவை கண்ணில் படாமல் போனால், பழைய பெட்டியை அணைக்கும் நாளில்தான் தெரியவரும்.

கூடவே, இன்றைய வேகத்தையும் அளந்து வையுங்கள். ஐஓஸ்டாட் கட்டளை ஒவ்வொரு வட்டிலும் படிக்க, எழுத எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று காட்டும். மாதக் கடைசியில், வேலை நெருக்கும் நேரத்தில் அதை ஓடவிட்டுச் சேமியுங்கள். மாற்றம் முடிந்த மறுவாரம் "ரிப்போர்ட் மெதுவாக வருகிறது" என்று கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். அப்போது ஒப்பிட்டுக் காட்ட எண்கள் வேண்டும்.

படி 2: காப்புநகலை மீட்டெடுத்துப் பாருங்கள்

காப்புநகல் எடுக்கிறோம் என்பது போதாது. அதிலிருந்து வேறொரு சர்வரில் தரவுத்தளத்தை எழுப்பி, சில அட்டவணைகளின் வரிசைகளை எண்ணி, நேற்றைய பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டாம் நிலை சர்வரின் தரவுக் கோப்பகத்தை அழிப்பதாக நினைத்து, ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிச்சம். தினசரி காப்புநகலைத் தேடினால் அது இல்லவே இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, காப்புநகல் கருவி 9.2 பதிப்பாக இருந்து, தினமும் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. சோதனைச் சூழலுக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த, அந்தக் கணத்தின் நிலையைக் காக்கும் எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. மாற்றம் நடக்கும் இரவில் பழைய சர்வரின் டெர்மினலும் புதிய சர்வரின் டெர்மினலும் வேறு வேறு பின்னணி நிறத்தில் இருக்கும். அழிக்கும் கட்டளைக்கு முன் ஹோஸ்ட்நேம் என்று அடித்து, எந்த சர்வரில் இருக்கிறேன் என்று பார்க்காமல் என்டரைத் தொடுவதில்லை.

படி 3: பாதைகளைச் சரிபாருங்கள்

சர்வரில் இருக்கும் ஃபைபர் சேனல் அட்டையின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 64 பிட் நீளமுள்ள தனி அடையாள எண் உண்டு. அதை சுவிட்சில் புதிய பெட்டியின் போர்ட்டுகளோடு சேர்த்துவிடுவதற்கு சோனிங் என்று பெயர். ஒரு சோனில் ஒரு சர்வர் போர்ட் மட்டும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே சோனில் போட்டால் இன்றைக்கு வேலை மிச்சம், ஆனால் பின்னாளில் ஒரு கோளாறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒழுங்காக அமைத்த சானில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சுவிட்ச் வழிகள் இருக்கும். ஒவ்வொரு வழியும் பெட்டியின் இரண்டு கட்டுப்பாட்டகங்களுக்கும் போகும். அதனால் ஒரே லன் சர்வரில் நான்கு வட்டுகளாகத் தெரியலாம். அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே பெயரில் கொடுப்பது மல்டிபாத். அதன் பட்டியலில் நான்கு பாதைகளும் ஆக்டிவ், ரெடி, ரன்னிங் என்று காட்ட வேண்டும். அவை இரண்டு முன்னுரிமைக் குழுக்களாகப் பிரிந்திருந்தால் பயப்படாதீர்கள். பல பெட்டிகளில் ஒவ்வொரு லன்னுக்கும் ஒரு கட்டுப்பாட்டகம் நேர்வழியாகவும் மற்றது சுற்றுவழியாகவும் இருப்பது இயல்பு. இரண்டு பாதைகள்தான் தெரிகின்றன என்றால் மேலே போகாதீர்கள்.

பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். காலி லன் ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். சில வினாடிகள் தயங்கினாலும், எழுதுவது தொடர வேண்டும். கேபிளைத் திரும்பச் செருகினால் பாதை தானாகவே பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். பிறகு அடுத்த வழியிலும் அதையே செய்யுங்கள்.

படி 4: காலியாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள்

எஃப்ஐஓ என்ற வேகம் அளக்கும் கருவியை, காலி லன்னின் மீது கோப்பு முறைமை அமைத்து, ஒரு கோப்பின் மேல் ஓடவிடுங்கள். எழுதும் சோதனையில் வட்டின் பெயரையே நேரடியாகக் கொடுத்தால் அது உள்ளே இருப்பதை எல்லாம் மேலெழுதிவிடும். போஸ்ட்கிரெஸ் ஒரு தடவை படிக்கும் துண்டான பக்கத்தின் அளவு 8 கிலோபைட் என்பதால் அந்த அளவில் சிதறலாகப் படிக்கும் சோதனை வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி என்றால் 16 கிலோபைட். விற்பனையாளர் காட்டும் பெரிய எண்கள் பெரும்பாலும் பெரிய துண்டுகளை வரிசையாகப் படித்து எடுத்தவை. தரவுத்தளம் அப்படிப் படிப்பது அரிது.

படி 5: எந்த வழியில் நகர்த்துவது?

முதல் வழி பிவிமூவ். புதிய லன்னை வால்யூம் குழுவில் சேர்த்துவிட்டு இந்தக் கட்டளையைக் கொடுத்தால், தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே துண்டு துண்டாக நகரும். நடுவில் மின்சாரம் போனாலும், சர்வர் எழுந்த பிறகு வெறும் பிவிமூவ் என்று கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் 2 டெராபைட் நகர ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். புதிய லன்னைச் சேர்க்கும்போது மல்டிபாத் பெயரையே கொடுக்க வேண்டும். நான்கு பாதைகளில் ஒன்றின் பெயரைக் கொடுத்தால் மற்ற மூன்றும் வீண்.

இதன் குறை, பாதியில் இருக்கும்போது உங்கள் தரவு இரண்டு பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கும் என்பதே. அப்போது எந்தப் பெட்டி விழுந்தாலும் தரவுத்தளம் விழும். முடிந்த பிறகு பழைய பெட்டியில் உங்களுக்கு எதுவும் மிச்சமில்லை. புதிய பெட்டி ஒரு வாரம் கழித்துத் தகராறு செய்தால், திரும்பிப் போக இன்னொரு பிவிமூவ்தான்.

இரண்டாவது வழி, புதிய சேமிப்பகத்தில் முதன்மை சர்வரைப் பின்தொடரும் ஒரு ஸ்டாண்ட்பை சர்வரை எழுப்பி, மாற்றங்களை உடனுக்குடன் அனுப்பும் ஸ்ட்ரீமிங் மூலம் தொடர்ந்து ஒத்திசைய விட்டு, ஒரு நாள் அதை முதன்மையாக்குவது. வேலை அதிகம், கூடுதலாக ஒரு சர்வரும் வேண்டும். ஆனாலும் நிறுவனம் நம்பியிருக்கும் முக்கியத் தரவுத்தளத்துக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். சோதனைச் சூழல், நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் கருவிகள் போன்றவற்றுக்கு பிவிமூவ் போதும்.

இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. புதிய சர்வர் என்பதால் புதிய இயங்குதளமும் சேர்ந்தே வரும். சென்ட்ஓஎஸ் 7-இலிருந்து ரெட்ஹேட் 8-க்குப் போனால் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.17-இலிருந்து 2.28-க்கு மாறுகிறது. 2018-இல் வந்த அந்த 2.28 பதிப்பில் சொற்களை வரிசைப்படுத்தும் விதியே மாறியது. இரண்டு சர்வரிலும் அமெரிக்க ஆங்கில லொக்கேலில், அதாவது மொழி அமைப்பில், 1-1, 11 என்ற இரண்டு வரிகளை சார்ட் கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பழையதில் 11 முதலில் வரும், புதியதில் 1-1 முதலில் வரும். தரவுக் கோப்புகளை அப்படியே எடுத்து வந்தால், எழுத்து நெடுவரிசைகளில் தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே இருக்கும். தேடினால் இருக்கும் வாடிக்கையாளர் இல்லை என்று வரும், ஒரே பெயர் இரண்டு முறை பதிவாகும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரே இயங்குதளப் பதிப்பில் ஸ்டாண்ட்பை அமைப்பது நல்லது. முடியாவிட்டால், முதன்மையாக்கிய உடனே, பயனர்களை உள்ளே விடுவதற்கு முன், அந்த இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுங்கள்.

படி 6: மாற்றும் இரவு

இது இரண்டாவது வழிக்கானது. பயன்பாடுகளின் இணைப்புகளை நிறுத்துங்கள். பிறகு பழைய முதன்மை சர்வரை ஒழுங்காக நிறுத்துங்கள். அப்படி நிறுத்தினால், இணைந்திருக்கும் ஸ்டாண்ட்பைக்கு மிச்சமிருக்கும் பதிவுகளை அனுப்பிவிட்டே அது நிற்கும். பழையதன் கடைசி செக்பாயிண்ட் (எல்லாம் வட்டில் எழுதி முடித்ததைக் குறிக்கும் பதிவு) இடமும் புதியது கடைசியாகப் பெற்ற இடமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு, புதியதை முதன்மையாக்குங்கள். 14 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், பிஜி ஆம்செக் கருவி அட்டவணைகளையும் இண்டெக்ஸ்களையும் சரிபார்த்துக் கொடுக்கும்.

பயனர்களை உள்ளே விடுவதற்கு முன் புதிய சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். பலர் நேரமில்லை என்று இதைத் தவிர்க்கிறார்கள். சான் வட்டு ஏற்றப்படுவதற்கு முன்பே போஸ்ட்கிரெஸ் எழ முயல்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். இதனால்தான் வட்டு ஏற்றப்படும் இடத்தையே தரவுக் கோப்பகமாக வைக்காமல், அதற்குள் ஒரு துணைக் கோப்பகம் உருவாக்கி அதில் வைக்கச் சொல்கிறது போஸ்ட்கிரெஸ் ஆவணம். வட்டு ஏறவில்லை என்றால் கோப்பகமே இருக்காது, சர்வரும் எழாது. வெற்று இடத்தில் புதிதாக ஒரு காலித் தரவுத்தளம் உருவாகிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லாம் சரியென்றால் பழைய சர்வரை, புதியதன் ஸ்டாண்ட்பையாகத் திருப்பி இணைத்துவிடுங்கள். திரும்பிப் போகும் வழி அதுதான். இயங்குதளப் பதிப்பு மாறியிருந்தால், திரும்பிப் போகும் நாளிலும் இண்டெக்ஸ்களைக் கட்ட வேண்டும்.

படி 7: பழையதைக் கழற்றுவது

ஒரு மாதக் கடைசியாவது கடந்த பிறகு இதைத் தொடங்குங்கள். வரிசை முக்கியம். முதலில் கோப்பு முறைமையை இறக்கி, வால்யூம் குழுவிலிருந்து பழைய லன்னை நீக்குங்கள். பிறகு மல்டிபாத் பெயரை அகற்றி, ஒவ்வொரு பாதையையும் சர்வரிலிருந்து அழியுங்கள். அதன் பின்தான் ஸ்டோரேஜ் பெட்டியில் அந்த லன்னைத் துண்டிக்க வேண்டும். சோனிங்கை எடுப்பது கடைசி.

தலைகீழாகச் செய்தால், பாதை திரும்பி வரும் என்று மல்டிபாத் காத்திருக்கும். வட்டைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும், எல்விஎம் பட்டியல் கேட்பதுகூட, அப்படியே உறைந்து நிற்கும். கில் கொடுத்தாலும் அந்தப் புரோசஸ்கள் சாகாது. சர்வரை மறுதொடக்கம் செய்வதைத் தவிர வழியில்லாமல் போகலாம்.

பெட்டி விற்பனையாளரிடம் திரும்பிப் போகிறது என்றால், வட்டுகளை முறையாக அழித்து, அழித்ததற்கான சான்றிதழில் ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்கனவே பழுதாகி மாற்றப்பட்ட வட்டுகளின் எண்களும் அந்தப் பட்டியலில் வேண்டும்.