ஜேஇஇ மெயின் நுண்கணிதம்: மாக் டெஸ்ட் மார்க் நகரவே இல்லையா?

ஃபார்முலா எல்லாம் மனப்பாடம், ஆனாலும் மார்க் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் புதுப் பாடத்தை ஒரு வாரம் ஓரம்கட்டுங்கள்.

படி 1: தாளைச் சரியாக எடுங்கள்

2025 முதல் கணிதத்தில் 25 கேள்விகள். 20 கேள்விகளுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். மீதி 5-க்கு எண்ணை நாமே இட வேண்டும். எண் விடைக் கேள்விகளில் முன்பிருந்த ‘பத்தில் ஐந்து’ சாய்ஸ் போய்விட்டது. அந்தப் பழைய தாள்களில் பழகினால் முதல் ஐந்தை மட்டும் போடுங்கள், பிடித்ததைப் பொறுக்காதீர்கள். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. எண் விடைக்கும் மைனஸ் உண்டு. போனில் எழுதும் மாக் டெஸ்டை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். கணினி, மவுஸ், வெள்ளைத்தாள், இவ்வளவும் வேண்டும்.

படி 2: தப்புக்குப் பெயர் வையுங்கள்

ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து: ‘வ’ என்றால் வழியே தெரியவில்லை, ‘க’ என்றால் வழி சரி, கணக்கில் பிசகு, ‘நே’ என்றால் நேரம் போதவில்லை. ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்து எதையும் திருத்த முடியாது. எந்த வரியில் குறி மாறியது என்று எழுதுங்கள். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அதே கணக்கைத் தீர்வைப் பார்க்காமல் போடுங்கள்.

படி 3: மட்டுக்குறி

‘க’ வகையில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. 0 முதல் பை வரை √(1 − சைன் 2எக்ஸ்) தொகையிட வேண்டும். உள்ளே இருப்பது (சைன் எக்ஸ் − காஸ் எக்ஸ்) என்பதன் வர்க்கம் என்று கண்டுபிடித்ததும் கை தானாக மூலத்தை அடித்துவிட்டு, சைனிலிருந்து காஸைக் கழித்துத் தொகையிடும். விடை 2 வரும். நான்கு விடைகளில் 2-ம் உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வராது.

வர்க்கமூலம் கொடுப்பது மட்டு மதிப்பு, அதாவது மைனஸ் குறி நீங்கிய அளவு. பை/4 வரை காஸ் பெரியது, அதற்குப் பிறகு சைன் பெரியது. ஆகவே இரண்டு துண்டாக வெட்டுங்கள். முதல் துண்டு √2 − 1, இரண்டாவது √2 + 1, மொத்தம் 2√2.

பிடிக்க ஒரு வழி: சுருக்கியதும் கீழ் எல்லையை இரண்டு வடிவத்திலும் போட்டுப் பாருங்கள். இங்கே 0 போட்டால் கேள்வியில் உள்ள வடிவம் 1 தருகிறது, சுருக்கியது −1 தருகிறது. ஐந்து நொடி வேலை. ஆனால் எல்லா இடத்திலும் இது காட்டிக் கொடுக்காது. குறி நடுவில் மாறினாலும் கீழ் எல்லை ஒத்துப்போகலாம், அதனால் மேல் எல்லையையும் பாருங்கள். இரண்டு முறை மாறினால் இரண்டு முனையும் ஒத்துப்போய் ஏமாற்றலாம். உள்ளே இருப்பது எங்கே பூச்சியமாகிறது என்று தேடுவதே முழுப் பாதுகாப்பு.

பிரதியிடலில் எல்லையை மாற்ற மறப்பதும் இதே ரகம். மாறியை மாற்றிய அதே வரியில் எல்லையையும் மாற்றி எழுதுங்கள், அடுத்த வரிக்குத் தள்ளாதீர்கள்.

வரையறாத் தொகையின் (எல்லைகள் இல்லாதது) வித்தைகளுக்கு மாதக்கணக்கில் செலவழிப்பது வீண் என்பது என் கட்சி. வரையறுத்த தொகை, பரப்பு, வகைக்கெழுச் சமன்பாடு மூன்றும் உழைப்புக்கு உடனே பலன் தரும். பரப்பில் படம் வரையாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

படி 4: திரையில்

எண் விடையை விசைப்பலகையில் அடிக்க முடியாது, திரையிலுள்ள எண்களை மவுஸால் தட்ட வேண்டும். விடையைத் தேர்வு செய்தும் சேமிக்காமல் அடுத்த கேள்விக்குத் தாவினால் அது கணக்கில் வராது. மறுபார்வைக்குக் குறித்தவற்றில் விடை அளித்தவை மட்டும் திருத்தப்படும்.

பலர் கேட்பது: ஊகிக்கலாமா? நான்கில் இரண்டை நிச்சயமாக ஒதுக்க முடிந்தால் ஊகியுங்கள், சராசரியில் கேள்விக்கு 1.5 மார்க் லாபம். எண் விடையில் வேண்டவே வேண்டாம்.